பிரேசில் ஆடும் நாளில் சாப்பாடு எத்தனை மணிக்கு?

கேள்வி இதுதான்: "உலகக் கோப்பையில் பிரேசில் ஆடும் நாளில் அந்த நாடே சாப்பாட்டு நேரத்தை மாற்றிக்கொள்ளுமாம், வீட்டுக்கு வீடு தேசியக் கொடி பறக்குமாம். உண்மையா, மிகைப்படுத்திச் சொல்கிறார்களா? கால்பந்து வெறி அங்கே குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடும் பழக்கத்தையே கெடுத்துவிட்டதா?"

சாப்பாட்டு நேரம் மாறுவது உண்மைதான். கொடி பறப்பது ஒரு காலத்தில் முழு உண்மையாக இருந்தது, இப்போது முக்கால் உண்மை. மூன்றாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் விளக்கம் வேண்டும். உலகக் கோப்பை குடும்பச் சாப்பாட்டைக் கெடுப்பதே இல்லை, சொல்லப்போனால் கூட்டி வைக்கிறது. கெடுப்பது சாதாரணப் புதன்கிழமை இரவு. சாவோ பாலோ வீடு ஒன்றில் மருமகனாகச் சாப்பிட்டுப் பழகியவன் என்பதால் இதை ஓரளவு உள்ளிருந்தே சொல்ல முடியும்.

முதலில் அங்கே சாதாரண நாளில் எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். பிரேசிலில் நாளின் பெரிய சாப்பாடு மதியம்தான். பன்னிரண்டிலிருந்து இரண்டு மணிக்குள் சோறு, பீன்ஸ், ஒரு துண்டு இறைச்சி, கொஞ்சம் கீரை அல்லது சாலட், மேலே தூவிக்கொள்ள ஃபரோஃபா என்கிற வறுத்த மரவள்ளி மாவு. நம் ஊர்க்காரர்களுக்கு அங்கே சாப்பாட்டுக் கவலை பெரிதாக இருக்காது, சோறு தினமும் கிடைக்கும். இரவுச் சாப்பாடு ஏழு, எட்டு மணிக்கு, மதியத்தைவிட எளிமையானது. சனிக்கிழமை ஃபெய்ஜுவாடா: கறுப்பு பீன்ஸில் உப்பிட்ட பன்றி இறைச்சியும் தொத்திறைச்சியும் போட்டு மணிக்கணக்கில் கொதிக்க வைப்பது. உணவகங்களில் புதன்கிழமையும் உண்டு. ஞாயிறு மதியம் குடும்பச் சாப்பாடு. பாட்டி வீட்டில் எல்லோரும் கூடுவார்கள். இத்தாலியர் நிறையக் குடியேறிய சாவோ பாலோவில் அன்றைக்குப் பெரும்பாலும் தக்காளிக் குழம்பு ஊற்றிய பாஸ்தாவும் கோழியும், இல்லாவிட்டால் ஷுராஸ்கோ என்கிற கரி அடுப்பு இறைச்சி.

இந்த ஞாயிறு சாப்பாடும் கால்பந்தும் பல காலம் சண்டையில்லாமல் இருந்தன. லீக் ஆட்டம் மாலை நான்கு மணிக்குத் தொடங்கும். ஒரு மணிக்கு உட்கார்ந்தால் நிதானமாகச் சாப்பிட்டு, காபி குடித்து, ஒரு குட்டித் தூக்கமும் போட்டுவிட்டு டிவி முன் வந்து சேரலாம். ஆட்டம் சாப்பாட்டுக்குப் பின்னால் காத்திருந்தது.

உலகக் கோப்பையில் அந்த வசதி கிடையாது. போட்டி எந்த நாட்டில் நடக்கிறது என்பதைப் பொறுத்து அடுப்பு பற்றவைக்கும் நேரம் மாறும். 2002இல் போட்டி ஜப்பானிலும் தென்கொரியாவிலும் நடந்தது. இங்கிலாந்துடன் காலிறுதி பிரேசிலியா நேரப்படி அதிகாலை மூன்றரை மணிக்கு. ஜெர்மனியுடன் இறுதி ஆட்டம் ஜூன் 30, ஞாயிறு காலை எட்டு மணிக்கு. அந்த ஆண்டு பிரேசில் ஆடிய ஏழு ஆட்டங்களில் ஒன்றுகூட மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. எல்லாமே விடிவதற்கு முன்போ காலையிலோ. அதனால் வெண்ணெய் தடவிய ரொட்டியும் பால் காபியுமாக முடிந்துவிடும் காலை உணவுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். சில வீடுகளில் காலை எட்டு மணிக்கே கரி அடுப்பு புகைந்தது. ரொனால்டோ இரண்டு கோல் போட்டுக் கோப்பை கைக்கு வந்தபோது மணி பத்துகூட ஆகவில்லை. இருபதாண்டுக்கு மேல் ஆகியும் எங்கள் வீட்டில் பேச்சு கிளம்பினால் முதலில் வருவது அந்தக் காலை நேரம்தான். கோல்கள் இரண்டாவது.

2022 கத்தார் போட்டி இதற்கு நேர் எதிர். செர்பியாவுடன் மாலை நான்கு மணி, சுவிட்சர்லாந்துடன் மதியம் ஒரு மணி, குரோஷியாவுடன் காலிறுதி சரியாகப் பன்னிரண்டு மணி. ஒரு மணி ஆட்டம் என்றால் சாப்பாட்டைப் பதினொன்றரைக்கே முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்று மணிக்குத் தள்ள வேண்டும். பன்னிரண்டு மணி ஆட்டத்தில் அதுவும் நடக்காது. அந்தக் குரோஷியா ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போனது. நெய்மார் கோல் போட்டதும் எல்லோரும் எழுந்து குதித்தார்கள். பிறகு 117ஆவது நிமிடத்தில் குரோஷியா சமன் செய்தது, பெனால்டியில் பிரேசில் தோற்றது. முடிந்தபோது மணி இரண்டே முக்கால் இருக்கும். செய்து வைத்த சோறு அப்படியே இருந்தது. பசித்தவர்கள் நிறைய, சாப்பிட்டவர்கள் குறைவு.

ஆட்டத்துக்காக மாறுவது வீடு மட்டுமல்ல. உலகக் கோப்பையின்போது அரசு அலுவலகங்கள் பிரேசில் ஆடும் நாட்களில் வேலை நேரத்தைக் குறைத்து முன்கூட்டியே ஆணை வெளியிடும், வங்கிகளும் தனி நேரம் அறிவிக்கும். பெரும்பாலான கடைகள் ஷட்டரை இறக்கிவிடும். ஆட்டத்துக்கு முந்தைய ஒரு மணி நேரம் சாவோ பாலோ சாலைகளில் இருப்பதுதான் உண்மையான தண்டனை, ஏனென்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்புவார்கள். ஆட்டம் தொடங்கிவிட்டால் அதே சாலை வெறிச்சோடிவிடும். நாட்டின் மின்தொகுப்பை இயக்குபவர்கள்கூட இந்த நாட்களுக்குத் தனித் திட்டம் வைத்திருக்கிறார்கள். ஆட்டம் நடக்கும்போது மின்தேவை இறங்கும். இடைவேளையில் எல்லோரும் எழுந்து விளக்கைப் போட்டு ஃபிரிட்ஜைத் திறக்க, சட்டென்று ஏறும். ஒரு நாட்டின் பசியை மின்வாரியத் திரையிலேயே பார்த்துவிடலாம்.

இப்போது என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்ப்போம், மாற்றம் நன்றாகத் தெரிவது இங்கேதான். உலகக் கோப்பை நாளில் தட்டு, முள்கரண்டி, மேசை எல்லாம் பின்னுக்குப் போய்விடும். கையில் எடுத்துச் சாப்பிடுவதுதான் வரும்: சீஸ் போட்ட மரவள்ளி மாவு உருண்டையான பாவ் ஜி கெய்ஜு, கோழி அடைத்துப் பொரித்த கொஷின்யா, வறுத்த வேர்க்கடலை, பாப்கார்ன், கம்பியில் சுட்ட தொத்திறைச்சி. பெரியவர்களுக்கு பீர், குழந்தைகளுக்குக் குவரானா என்கிற உள்ளூர் சோடா. என் மாமியார் இதைச் சாப்பாடு என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். ஆட்டம் முடிந்ததும் "சரி, இப்போ யாருக்குச் சோறு?" என்று கேட்டுக்கொண்டே பானையை அடுப்பில் ஏற்றுவார்.

ஆனால் அந்த நொறுக்குத் தீனியால் அவருக்கே ஒரு லாபம் உண்டு. ஃபெய்ஜுவாடா செய்வதென்றால் இறைச்சியை முதல் நாளே ஊறவைத்து உப்பெடுக்க வேண்டும், மறுநாள் காலை முழுக்க அடுப்படிதான். அதைச் செய்வது பெண்கள். ஷுராஸ்கோ அடுப்போ பெரும்பாலும் ஆண்களின் கையில். ஆட்ட நாளில் சாப்பாடு பானையிலிருந்து கரி அடுப்புக்கு இடம் மாறினால் வேலையும் கொஞ்சம் கை மாறுகிறது. முற்றாக மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். சோறு வடிப்பதும் சாலட் நறுக்குவதும் அப்புறம் பாத்திரம் கழுவுவதும் யார் வேலை என்பது பல வீடுகளில் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் முதல் பாதியைச் சமையலறைக் கதவோரம் நின்று பார்த்த தலைமுறை ஒன்று இருந்தது. இப்போதுள்ள பெண்கள் சோபாவில் உட்கார்ந்துதான் பார்க்கிறார்கள், அது சின்ன விஷயமில்லை.

புதன்கிழமை கதைக்கு வருகிறேன். குளோபோ தொலைக்காட்சியின் இரவு வரிசை பிரேசிலின் இரவு உணவையே பல பத்தாண்டுகள் ஒழுங்குபடுத்தியது. எட்டரை மணி வாக்கில் செய்தி, அதன் பிறகு பெரிய நொவேலா, அதாவது தொடர் நாடகம். கால்பந்து அதற்கும் பின்னால்தான், ஒன்பதரை, ஒன்பதே முக்கால், சில ஆண்டுகளில் பத்து மணி. நாடகத்தின் விளம்பர வருமானத்தைத் தொட யாருக்கும் மனமில்லை. விளைவு என்ன? மைதானத்துக்குப் போனவர் நள்ளிரவுக்கு மெட்ரோ மூடுமுன் ஓடிப் பிடிக்க வேண்டும். காலையில் பள்ளிக்கூடம் இருப்பதால் பிள்ளைகள் இரண்டாம் பாதிக்கு முன்பே படுக்கைக்குப் போக வேண்டும். அப்பா மைதானத்துக்கு வெளியே வண்டிக்கடையில் பன்றிக்கறி சாண்ட்விச் வாங்கி நின்றபடி சாப்பிடுவார், அம்மாவும் பிள்ளைகளும் வீட்டில் எட்டு மணிக்கே சாப்பிட்டு முடித்திருப்பார்கள். ஆண்டு முழுவதும், வாரம் தவறாமல் இதுதான் நடக்கிறது. நான்காண்டுக்கு ஒருமுறை வரும் ஏழெட்டு ஆட்டங்களைப் பார்த்து "வெறி குடும்பத்தைக் கெடுக்கிறது" என்பவர்கள் இந்தப் புதன்கிழமைகளைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமையும் 2015இல் ஆட்டம் கண்டது. அந்த ஆண்டு லீக் ஆட்டங்களில் சிலவற்றை ஞாயிறு காலை பதினொரு மணிக்கு வைக்கத் தொடங்கினார்கள். வெயில் கொளுத்துகிறது என்று வீரர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள், நியாயம்தான். ஆனால் மைதானத்தில் குழந்தைகளும் தாத்தாக்களும் கண்ணில் பட ஆரம்பித்தார்கள். ஒரு மணிக்கு ஆட்டம் முடியும், இரண்டு மணிக்குள் குடும்பச் சாப்பாட்டுக்கு வந்துவிடலாம். எனக்குப் பிடித்த நேரம் இதுதான். மாமியாருக்குப் பிடிக்காத நேரமும் இதுதான், ஏனென்றால் அவர் சாப்பாடு ஒரு மணிக்கு.

கொடிக்கு வருவோம். சாதாரண நாளில் பிரேசில் வீடுகளில் தேசியக் கொடி அபூர்வம். உலகக் கோப்பை நெருங்கும்போதுதான் அது வெளியே வரும்: ஜன்னலில், பால்கனியில், கார்க் கண்ணாடியில். தெருக்காரர்கள் பணம் திரட்டி பெயின்ட் வாங்கி, நடைபாதை விளிம்புகளையும் தார்ச்சாலையையும் பச்சை மஞ்சளில் வரைவார்கள். மின்கம்பத்துக்கு மின்கம்பம் கயிறு கட்டிக் குட்டிக் கொடிகள் தொங்கும். போட்டி வழக்கமாக நடக்கும் ஜூன் மாதத்தில் புனித ஜான் திருவிழாக்கள் வருவதால் தோரணம் கட்டுவது அவர்களுக்குக் கைவந்த வேலை.

சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 1971 செப்டம்பரில் இராணுவ ஆட்சிக் காலத்தில் வந்த 5,700ஆம் எண் சட்டப்படி, கொடியின் நிறம், அளவு, வாசகம் எதையும் மாற்றக் கூடாது. உடையாக உடுத்தக் கூடாது, மேசை விரிப்பாகப் போடக் கூடாது, விற்பனைப் பொருளின் உறையில் அச்சிடவும் கூடாது. இந்தியாவில் தேசிய கௌரவ அவமதிப்புத் தடுப்புச் சட்டம் வந்ததும் அதே 1971இல்தான். ஆனால் பிரேசிலில் உலகக் கோப்பை நாளில் ஒரு வீட்டுக்குள் போய்ப் பாருங்கள்: தோளில் கொடி, மேசையில் கொடி நிற விரிப்பு, தட்டுக்குப் பக்கத்தில் கொடி நிறக் காகிதக் கைத்துடைப்பான், பீர் கேனிலும் பச்சை மஞ்சள். நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் குற்றமில்லை என்பது ஊர் வழக்கம். உண்மையான கொடி கந்தலாகிவிட்டால் மட்டும் முறை உண்டு, அருகிலுள்ள படைப்பிரிவில் ஒப்படைக்க வேண்டும். நவம்பர் 19, கொடி நாளன்று, அவற்றை முறைப்படி எரிப்பார்கள்.

உண்மையில் மக்கள் மனதில் கொடியின் இடத்தைப் பிடித்திருப்பது மஞ்சள் சட்டை. அது பழங்காலத்தது என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. 1950களின் தொடக்கம் வரை பிரேசில் ஆடியது வெள்ளையில். 1950 ஜூலை 16, உலகக் கோப்பையில், மரக்கானா மைதானத்தில், சொந்த மக்கள் முன்னிலையில் உருகுவேயிடம் 2-1 என்று தோற்றார்கள். வெள்ளை ராசியில்லாத நிறம் ஆகிவிட்டது. 1953இல் 'கொர்ரேயோ ட மன்யா' என்ற நாளிதழ் போட்டி வைத்தது: தேசியக் கொடியின் பச்சை, மஞ்சள், நீலம், வெள்ளை நான்கும் வரும்படி புதுச் சீருடை வரைய வேண்டும். ஜெயித்தவர் அல்டிர் கார்சியா ஷ்லீ, இருபது வயது நிரம்பாத இளைஞர், உருகுவே எல்லையோர ஊர்க்காரர். வேடிக்கை என்னவென்றால் அவருக்குப் பிடித்த அணி உருகுவே. பிரேசிலின் மிகப் பெரிய தேசியச் சின்னத்தை வரைந்தவர் பக்கத்து நாட்டு அணியின் ரசிகர்!

கிளப் அணிகளின் வரலாற்றிலும் கொடி நுழைந்து அடையாளத்தையே மாற்றியிருக்கிறது. சாவோ பாலோ இத்தாலியர்கள் தொடங்கிய கிளப்பின் பெயர் பலஸ்ட்ரா இத்தாலியா, அதன் நிறங்கள் இத்தாலியக் கொடியின் பச்சை, வெள்ளை, சிவப்பு. 1942இல் பிரேசில் போரில் இத்தாலிக்கு எதிராக நின்றதும் அந்தப் பெயருக்கு இடமில்லாமல் போயிற்று. கிளப் பல்மெய்ராஸ் ஆனது, சிவப்பு போயிற்று. புதுப் பெயரில் அந்த செப்டம்பரில் சாவோ பாலோ அணிக்கு எதிராக முதல் ஆட்டம் ஆட வந்தபோது வீரர்கள் பிரேசில் கொடியைப் பிடித்துக்கொண்டே மைதானத்தில் இறங்கினார்கள். பெலோ ஓரிசோன்ட்டேயில் இருந்த இன்னொரு பலஸ்ட்ரா இத்தாலியா அதே ஆண்டு க்ருசெய்ரோ ஆனது. பெயரும் சின்னத்திலுள்ள ஐந்து நட்சத்திரங்களும் தென்சிலுவை விண்மீன் கூட்டத்திலிருந்து வந்தவை. பிரேசில் கொடியின் நீல வட்டத்துக்குள்ளும் அதே கூட்டம் இருக்கிறது. அந்தக் குடும்பங்களில் ஞாயிறு பாஸ்தா மட்டும் தொடர்ந்தது, அதை யாரும் தடை செய்யவில்லை.

"முக்கால் உண்மை" என்று ஏன் சொன்னேன் என்றால், அண்மைக் காலத்தில் மஞ்சள் சட்டை அரசியலில் மாட்டிக்கொண்டது. 2015, 2016இல் அதிபர் டில்மா ரூசெஃபைப் பதவி நீக்கக் கோரிய ஊர்வலங்களில் எல்லோரும் அந்தச் சட்டையைப் போட்டு வந்தார்கள். பிறகு வலதுசாரித் தலைவர் பொல்சனாரோவின் (2022 வரை அதிபர்) ஆதரவாளர்களின் சீருடையாகவே ஆகிவிட்டது. 2022 ஜூலையில் ரியோ கிராண்டே டோ சுல் மாநிலத்துத் தேர்தல் நீதிபதி ஒருவர், பிரசார காலத்தில் தேசியக் கொடியைக் காட்டுவதே தேர்தல் விளம்பரமாகக் கருதப்படலாம் என்று சொல்லும் அளவுக்குப் போயிற்று. மாநிலத் தேர்தல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அக்டோபர் 30 அன்று அதிபர் தேர்தலில் பொல்சனாரோவை எதிர்த்து நின்ற லூலா ஜெயித்தார். மூன்றே வாரத்தில் உலகக் கோப்பை. லூலாவுக்கு வாக்களித்த பலர் மஞ்சளைத் தவிர்த்து நீலச் சட்டை வாங்கினார்கள். நீலமும் பெருமை குறைந்ததல்ல, 1958 இறுதி ஆட்டத்தில் மஞ்சள் அணிந்த சுவீடனைத் தோற்கடித்து முதல் கோப்பையை வாங்கியது நீலத்தில்தான்.

எங்கள் வீட்டு மேசையிலும் அந்த நவம்பரில் இரண்டு நிறமும் உட்கார்ந்திருந்தன. ஆட்டம் நடந்த தொண்ணூறு நிமிடம் பிரச்சினை இல்லை, அதற்கு முன்னும் பின்னும்தான். வோட்டுப் பேச்சு எடுப்பவருக்கு இறைச்சி கிடையாது என்று கரி அடுப்பில் நின்ற மச்சான் அறிவித்தார், அது வேலை செய்தது. அதே நாட்களில் கோழிக்கோடு பக்கம் புள்ளாவூர் ஆற்றில் மெஸ்ஸிக்கும் நெய்மாருக்கும் ராட்சத கட்அவுட் வைத்திருந்தார்கள். அந்தப் படத்தைக் காட்டியதும் வீடே அதிசயித்தது. பிரேசிலின் மஞ்சளை அரசியல் நினைப்பில்லாமல் போட முடிந்தது அப்போது கேரளத்தில்தான் என்று எனக்குத் தோன்றியது.

டிவியும் முன்பு போல ஒன்றில்லை. 2022 குரோஷியா ஆட்டத்தை கசே டிவி என்ற யூடியூப் சேனலில் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 60 லட்சத்துக்கும் மேல். பிள்ளைகள் கைப்பேசியில், பெரியவர்கள் டிவியில். இணைய ஒளிபரப்பு சில நொடி பின்தங்கும் என்பதால் வரவேற்பறையில் கத்துவது முதலில், அறைக்குள் கத்துவது அப்புறம்.

கடைசியாக, இதெல்லாம் ஆண்கள் கால்பந்து மட்டும் என்ற காலமும் மாறுகிறது. பெண்கள் கால்பந்து ஆடுவதற்கு பிரேசிலில் 1979 வரை தடையே இருந்தது. 2019இல்தான் குளோபோ முதன்முறையாக பிரேசில் பெண்கள் அணியின் உலகக் கோப்பை ஆட்டங்கள் எல்லாவற்றையும் நேரலையில் காட்டியது. 2023 போட்டி ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்ததால் ஆட்டங்கள் காலை ஏழு, எட்டு மணிக்கு வந்தன. அரசு ஊழியர்கள் ஆட்டம் பார்த்துவிட்டுத் தாமதமாக வேலைக்கு வரலாம் என்று அனுமதி கொடுத்தார்கள். நட்சத்திர வீராங்கனை மார்த்தாவின் ஆறாவது உலகக் கோப்பை, மறுபடி ரொட்டி-காபி வேளை. 2027 பெண்கள் உலகக் கோப்பை பிரேசிலிலேயே, ஜூன் 24 முதல் ஜூலை 25 வரை.

அப்படி ஆட்ட நாளில் எந்தப் பிரேசில் வீட்டுக்காவது உங்களை அழைத்தால், ஆட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே கிளம்பிவிடுங்கள், போக்குவரத்து அப்படி. பீரோ இனிப்போ கையில் கொண்டுபோங்கள். பன்றிக்கறி சாப்பிடாதவர் என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், பீன்ஸ் பானையில்கூட அது இருக்கும். சட்டை எந்த நிறம் போடுவது என்று உங்களை அழைத்தவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், சங்கடப்பட மாட்டார். சோறு எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்காதீர்கள், அது கூடுதல் நேரத்துக்குப் போகுமா என்பதைப் பொறுத்தது.